ஞாயிற்றுக்கிழமையை விற்காதே, தம்பி

டிசம்பர் பிறந்தால் சிங்கப்பூரில் கம்பி கட்டுகிறவன் வானத்தைப் பார்த்தபடிதான் வேலை செய்வான். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் அதே வடகிழக்குப் பருவமழை, இங்கே டிசம்பரிலும் ஜனவரித் தொடக்கத்திலும்தான் உக்கிரம் காட்டும். ஆண்டிலேயே அதிக மழை டிசம்பரில்தான். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். மின்னல் எச்சரிக்கை வந்தால் கம்பிக்கூட்டை விட்டு இறங்கி ஒதுங்கிவிட வேண்டும். எச்சரிக்கை விலகியதும் தேங்கிய தண்ணீரை இறைத்து, கம்பியில் ஒட்டிய சேற்றைக் கழுவி, மறுபடி குனிய வேண்டும். மழையில் போன நேரத்தைச் சாயங்காலம் ஈடுகட்டச் சொல்வார்கள். சீனப் புத்தாண்டு நெருங்குகிறது, அதற்குள் இந்தத் தளத்துக்குக் கான்கிரீட் போட்டாக வேண்டும் என்பதுதான் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் சைட் ஆபீஸில் கேட்கும் பேச்சு.

இந்த நெருக்கடிக்குள்தான் எங்கள் பண்டிகைகளும் வரிசை கட்டி வரும். தீபாவளி, ஐயப்பன் மாலை, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, பொங்கல், தைப்பூசம். மரீனா பே வாணவேடிக்கைக்கு முன்னால் நாலு பேர் தோளில் கைபோட்டு நிற்கும் படத்தை ஊரில் இருப்பவர்கள் போனில் பார்க்கிறார்கள். அந்தப் படத்துக்கு முந்தின நாளும் அடுத்த நாளும் எப்படிப் போயின என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் அறந்தாங்கிப் பக்கம். ஊரில் கம்பி வளைக்கப் பழகி, ஸ்கில் டெஸ்ட் தேறி, 2009-இல் இங்கே வந்தேன். கம்பி கட்டும் ஆளாகத் தொடங்கி இன்று சூப்பர்வைசராக இருக்கிறேன். அரசு கட்டும் வீவக அடுக்குமாடி, தொழிற்சாலை, எம்ஆர்டி ரயில் நிலையம் என்று எல்லாவற்றிலும் என் கை பட்ட கம்பி உண்டு. கான்கிரீட் மூடிய பிறகு அது யார் கண்ணுக்கும் படாது. ஆனால் கட்டடம் விரிசல் விடாமல் நிற்பது அதனால்தான்.

எங்கள் நாள் விடியற்காலை நாலரை மணிக்குத் தொடங்கும். டார்மெட்டரி அறையில் பன்னிரண்டு பேர் இருப்போம். குளியலறைக்கு வரிசை. கேட்டரிங் சாப்பாடு, காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்தே, விடியுமுன் வந்துவிடும். அந்த மதியச் சோற்றைப் பிரிக்கும்போது பன்னிரண்டு மணி ஆகியிருக்கும். லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து சைட்டுக்குப் போய், டூல்பாக்ஸ் மீட்டிங்கில் அன்றைய வேலையையும் ஆபத்தையும் கேட்டுக்கொண்டு, எட்டு மணிக்குக் கம்பி முறுக்கும் கொறட்டைக் கையில் எடுப்போம். ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலை இருந்தால் அறைக்குத் திரும்ப இரவு ஒன்பதாகும். துணி துவைத்து, சாப்பிட்டு, போனை எடுக்கும்போது இங்கே பத்தரை, ஊரில் எட்டு. இரண்டரை மணி நேர வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் பிள்ளைகள் பாடம் முடித்துப் பேச உட்காரும் நேரத்தில்தான் அப்பனுக்குக் கண் சொக்கும். வாரத்தில் ஆறு நாள் இப்படித்தான்.

வேலையைக் கொஞ்சம் அருகில் வைத்துக் காட்டுகிறேன். கம்பிக்காரனுக்கு மனப்பாடமான கணக்கு ஒன்று உண்டு. கம்பியின் மில்லிமீட்டர் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும். 16 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். 32 மில்லிமீட்டர் கம்பி 6.3 கிலோ. முழு நீளம் 12 மீட்டர் என்பதால் ஒரே ஒரு கம்பி ஏறக்குறைய 76 கிலோ. கிரேன் கட்டுக்கட்டாகத் தூக்கிக் கொடுத்தாலும், தளத்தில் இறங்கிய பிறகு ஒவ்வொன்றையும் ஆட்கள்தான் தோள்கொடுத்துப் பரப்ப வேண்டும். முன்னால் போகிறவன் கால் வைக்கும் இடத்தைப் பின்னால் வருகிறவன் பார்க்க முடியாது. குரல்தான் கண்.

கீழ்ப்பாய்க் கம்பி தரையைத் தொடாதபடி அடியில் கவர் பிளாக் வைப்போம். மேல்பாயைத் தாங்கச் ‘சேர்’ கம்பி நிறுத்துவோம். டிராயிங்கில் ஒட்டு நீளம் விட்டத்தைப்போல் 40 மடங்கு என்றிருந்தால், 16 கம்பிக்கு 640 மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். கட்டுக்கம்பியை இரட்டையாக மடித்து, சந்திப்பில் நுழைத்து, கொறட்டால் இழுத்து முறுக்கி, நுனியை உள்பக்கமாக மடக்கிவிட வேண்டும். நுனி வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் கான்கிரீட்டின் தோல்வரை எட்டி, அங்கிருந்து துரு உள்ளே இறங்கும். புது ஆட்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த மடக்கலைத்தான். மழை பெய்த அன்று கையுறை நனைந்து கொறடு வழுக்கும், ஈரக் கம்பியில் பூட்ஸ் வழுக்கும். களைத்துப்போனவன் விரலைக் கம்பிக்கு நடுவில் கொடுப்பது பெரும்பாலும் ஓ.டி. நேரத்தில்தான். அதனால்தான் ஓய்வைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 11 பொது விடுமுறை. வருடக் கடைசியைச் சுற்றி வருபவை தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, சீனப் புத்தாண்டின் இரண்டு நாட்கள். பொங்கல் அந்தப் பட்டியலில் இல்லை. தைப்பூசம் முன்பு இருந்தது. 1968-இல் பொது விடுமுறைகளைக் குறைத்தபோது விடுபட்டது. ஆனாலும் தைப்பூசம் நின்றுபோகவில்லை. சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை பால்குடமும் காவடியும் நள்ளிரவை ஒட்டியே புறப்பட்டுவிடும். வேலை முடிந்து வந்து குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, நடுநிசியில் பால்குடம் தூக்கி, விடியுமுன் முருகனுக்குப் பாலைச் செலுத்திவிட்டு நேரே லாரி ஏறியவர்களை நான் அறிவேன். அன்று அவர்களை உயரத்தில் ஏற்ற மாட்டேன். கீழே கம்பி வெட்டும் இடத்தில் லேசான வேலை கொடுப்பேன். விரதம் இருந்தவன் உடம்பை சூப்பர்வைசர் மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள்?

கிறிஸ்துமஸ் எங்கள் எல்லோருக்கும் உரியது என்று இங்கே வந்துதான் உணர்ந்தேன். ஓஃபிர் ரோட்டில் இருக்கும் லூர்து மாதா ஆலயம் 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. இன்றும் அங்கே தமிழில் பூசை நடக்கிறது. தேக்கா என்று நாங்கள் சொல்லும் லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம். என் குழுவில் வேளாங்கண்ணிப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருந்தார். அவரோடு கிறிஸ்துமஸ் இரவுப் பூசைக்கு நாங்கள் நாலைந்து பேர் போவோம். முருக பக்தனும் பள்ளிவாசல் போகிறவனும் பின்வரிசையில் உட்கார்ந்திருப்போம். திரும்பி வந்து டார்மெட்டரி சமையல்கட்டில் அவர் கோழிக்குழம்பு வைப்பார். புத்தாண்டு இரவுக்கு இங்கே இரண்டு பிறப்பு. பன்னிரண்டு மணிக்கு இந்த ஊரில் பிறக்கும். ஊர்க்காரர்களுக்கு வாழ்த்துச் சொல்ல இரண்டரை மணிவரை கண்விழிக்க வேண்டும். மறுநாள் விடுமுறை என்பதால் அந்த ஒரு இரவு மட்டும் அறையில் யாரும் யாரையும் ‘விளக்கை அணை’ என்று அதட்ட மாட்டார்கள்.

பொங்கலுக்குத் தேக்காவின் காம்பல் லேனும் ஹேஸ்டிங்ஸ் ரோடும் ஊராகிவிடும். கரும்பு, மஞ்சள் கொத்து, மண்பானை எல்லாம் வந்து இறங்கும். நகரத்துப் பிள்ளைகள் பார்ப்பதற்காக மாடுகளையும் ஆடுகளையும் கொண்டுவந்து கட்டி வைப்பார்கள். மாட்டோடு பிறந்து வளர்ந்த எங்கள் ஆட்கள்தான் அந்த வேலிக்கு அருகில் நெடுநேரம் நிற்பார்கள். பொங்கல் வேலைநாளில் வந்தால், அடுத்த ஞாயிறுதான் எங்களுக்குப் பொங்கல். ஞாயிறும் வேலை என்றால் அந்த ஆண்டு பொங்கல் இல்லை, அவ்வளவுதான்.

உண்மையான நீண்ட விடுப்பு சீனப் புத்தாண்டில்தான் கிடைக்கும். அதற்குக் காரணம் எளிது. கிரேன் ஓட்டுபவர்களிலும் ரெடிமிக்ஸ் லாரி ஓட்டுபவர்களிலும் மலேசியச் சீனர்கள் பலர். அவர்கள் பாலத்தைத் தாண்டி ஊருக்குப் போய்விட்டால் கான்கிரீட் வராது. கான்கிரீட் வராவிட்டால் கம்பி கட்டி என்ன செய்வது? ஆகவே முதலாளிகள் சைட்டையே சில நாள் பூட்டிவிடுவார்கள். ‘ஊருக்குப் போவதென்றால் இப்போதே போய் வா’ என்பார்கள். சட்டப்படி முதல் ஆண்டில் 7 நாள் சம்பளத்துடன் விடுப்பு, பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் கூடி 14 நாள்வரை போகும். அதை இந்தப் பூட்டலோடு சேர்த்துப் பின்னினால்தான் ஊரில் கண்ணுக்கு நிறைய இருக்க முடியும். சீனப் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில் எந்த நாளிலும் வரலாம். 2023-இல் அது ஜனவரி 22-ஆம் தேதியே வந்தது. அந்த ஆண்டு பலர் ஒரே விடுப்பில் பொங்கலையும் ஊரிலேயே பார்த்துவிட்டு வந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

ஜப்பானில் கட்டட வேலைக்குப் போன என் மைத்துனன் சொல்வான், அங்கே டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை அரசு அலுவலகங்களே மூடியிருக்கும், சைட்டுகளும் அதையொட்டி நின்றுவிடும் என்று. எல்லோரும் ஒன்றாக நிறுத்தும்போது யாரும் யாரிடமும் லீவு கேட்டு நிற்க வேண்டியதில்லை. தன் பண்டிகையும் நாட்டின் பண்டிகையும் வேறுவேறாக இருக்கும் கூலிக்காரனுக்கு அந்த வசதி கிடையாது. அவனுக்கு எல்லாப் பண்டிகைக்கும் பொதுவாகக் கிடைப்பது ஒரே ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஞாயிறும் எங்களுக்குத் தானாக வந்துவிடவில்லை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று வேலைச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஓய்வுநாளிலும் வேலைக்கு வரலாம். முதலாளி கேட்டு அரைநாளுக்கு மேல் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம். நீயாகக் கேட்டு வந்தால் ஒரு நாள் சம்பளம்தான். எங்களுக்கு ஞாயிறைப் பெரிதாகத் திறந்துவிட்டது வேறொரு விதி. 2011 செப்டம்பருக்குப் பிறகு தொடங்கிய சைட்டுகள் குடியிருப்புகளுக்கு 150 மீட்டருக்குள் இருந்தால், சனிக்கிழமை இரவு 10 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணிவரை வேலை செய்யக் கூடாது என்றார்கள். பொது விடுமுறைக்கும் அப்படியே. சைட் சத்தம் இல்லாமல் அக்கம்பக்கத்தார் தூங்குவதற்காக வந்த விதி அது. அதன் நிழலில் கம்பிக்காரனுக்கும் தூக்கம் கிடைத்தது.

ஞாயிறு மதியம் தேக்காவில் இறங்கினால் எங்களுக்கு அது ஊர்ச் சாவடி மாதிரி. பணம் அனுப்பும் கடையில் ரேட் பார்ப்போம். முடி வெட்டுவோம். வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு சுற்று. அங்குலியா பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் போவார்கள். முஸ்தபா கடையில் ஊருக்கு வாங்க வேண்டியதை இப்போதே பார்த்து வைப்போம்: கோடாலித் தைலம், போர்வை, டார்ச் லைட், சாக்லேட், அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர். ஒவ்வொரு ஊர்க்காரர்களுக்கும் ஒரு மூலை உண்டு. புதிதாக வந்தவனை அங்கே கொண்டுபோய் விட்டால் போதும், அரை மணியில் அவன் மாமன் முறைக்காரன் ஒருவன் கிடைத்துவிடுவான். கோயில் திருவிழாவுக்கு வரி வசூலிப்பது, ஊரில் சாவு விழுந்தால் டிக்கெட்டுக்குப் பணம் சேர்ப்பது, கைபேசியில் பெண் பார்ப்பது எல்லாம் அந்த மூலையில்தான்.

2013 டிசம்பர் 8-உம் ஒரு ஞாயிறுதான். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துத் தம்பி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம். அடுத்த வார இறுதியில் அந்தப் பகுதியில் மது விற்பனை இல்லை, டார்மெட்டரிகளிலிருந்து வரும் பஸ்ஸும் ஓடவில்லை. 2015 ஏப்ரலில் புதிய மதுச் சட்டம் வந்தது. இரவு 10.30-க்குமேல் கடையில் விற்பதும் பொது இடத்தில் குடிப்பதும் நாடு முழுவதும் கூடாது என்றாயிற்று. தேக்காவுக்கு வார இறுதியில் இன்னும் கெடுபிடி. மதுவைக் குறைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் வன்முறையில் இறங்காத ஆயிரமாயிரம் பேரும் அந்த டிசம்பரில் தலைகுனிந்து நடக்க வேண்டியிருந்தது. ஊரில் பண்டிகைக்கு எதிர்பார்த்திருந்த அந்தக் குடும்பத்துக்குப் பெட்டியில் உடல்தான் போய்ச் சேர்ந்தது. அதை இன்றுவரை நான் மறக்கவில்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2015 டிசம்பர் 27, ஒரு நல்ல ஞாயிறு. டவுன்டவுன் ரயில் பாதையின் இரண்டாம் கட்டம் அன்று பொதுமக்களுக்குத் திறந்தது. ரோச்சோரிலிருந்து புக்கிட் பாஞ்சாங் வரை 12 நிலையங்கள். ரோச்சோர் நிலையத்துக்காகக் கால்வாயைத் தள்ளிவைத்து, சாலையை மாற்றிப் போட்டுத் தோண்டிய பள்ளத்தில் நாங்கள் கம்பி கட்டியிருந்தோம். பள்ளத்தைச் சுற்றி நிற்கும் டயஃபிரம் சுவருக்கான கம்பிக்கூடு ஒவ்வொன்றும் ஒரு வீட்டைவிட உயரம். கிரேனில் நிமிர்த்தும்போது ஒரு முடிச்சும் நழுவக் கூடாது. அந்த ஞாயிறு பழைய குழு முழுக்கத் தேக்காவில் கூடி, காசு கொடுத்து டிக்கெட் எடுத்து, நாங்கள் கட்டிய தளத்தின்மேல் பயணிகளாக நின்றோம். கூட வந்த அண்ணன் ஒருவர் சுவரைத் தட்டி, “இதுக்குப் பின்னாலதாண்டா நாப்பது கம்பி இருக்கு” என்றார். 40 மில்லிமீட்டர் கம்பியைச் சொன்னார். பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தார். கட்டிய ஆட்கள் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

2020-இல் ஞாயிறே இல்லாமல் போயிற்று. ஏப்ரலில் டார்மெட்டரிகள் பூட்டப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் டார்மெட்டரிவாசிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரைக் கொரோனா தொட்டுவிட்டது. வேலை மீண்டும் தொடங்கியும் எங்களுக்கு வழி ஒன்றுதான்: அறையிலிருந்து சைட், சைட்டிலிருந்து அறை. தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் மூன்றும் அந்த அறைக்குள்ளேயே கழிந்தன. 2021 செப்டம்பரில் தடுப்பூசி போட்டவர்களை வாரத்துக்கு 500 பேர்வரை சோதனை முறையில் தேக்காவுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். போய்வந்தவர்களிடம் மற்றவர்கள் கேட்டது என்ன வாங்கினாய் என்பதில்லை. யாரைப் பார்த்தாய் என்றுதான் கேட்டார்கள்.

இவ்வளவையும் பார்த்தவன் என்பதால்தான் புதிய ஆட்களிடம் பிடிவாதமாக ஒன்றைச் சொல்கிறேன். ஏஜெண்டுக்குக் கொடுத்த லட்சங்களைத் தலையில் சுமந்துகொண்டு வருகிறார்கள். வந்த வாரமே, “அண்ணே, ஞாயித்துக்கிழமை ஓ.டி. கிடைக்குமாண்ணே?” என்று கேட்பார்கள். கடன் எனக்கும் இருந்தது. அந்த அவசரம் எனக்குப் புரியும். ஆனாலும் சொல்வேன்: “ரெண்டு ஞாயிறு வேலை பாரு, ரெண்டு ஞாயிறு வெளிய போ. எல்லாத்தையும் வித்துடாத தம்பி.” விற்றவர்களின் முகம் நாலாவது மாதத்தில் மாறும். பேச்சு குறையும். கட்டும் முடிச்சில் அது தெரியும். நுனியை மடக்காமல் விட்டிருப்பார்கள். உடம்பு சொல்லாததைக் கட்டுக்கம்பி சொல்லிவிடும்.

இப்போது நவம்பர் பிறந்ததும் எங்கள் சைட் ஆபீஸில் ஒரு தாளை ஒட்டிவிடுகிறேன். யாருக்கு எந்த நாள் வேண்டும் என்று எழுதலாம். மாலை போட்டவர், தைப்பூசத்துக்கு நேர்ந்தவர், கிறிஸ்துமஸ் பூசைக்குப் போகிறவர், தங்கை கல்யாணத்துக்கு ஊர் போகிறவர். அதைக் கான்கிரீட் அட்டவணையோடு வைத்துப் பார்த்து, பெரிய தளம் போடும் நாளைத் தவிர மற்ற நாட்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்கிறோம். கிறிஸ்துமஸுக்கு வேலைக்கு நின்றவனுக்குத் தைப்பூசத்தில் ஓய்வு. இதற்குக் கம்பெனிக்கு ஒரு காசு செலவில்லை. திடீரென்று ஆள் வராமல் நின்றுபோவது இல்லாமலாகிவிட்டது என்பதால் இன்ஜினியர்களும் இதை விரும்புகிறார்கள். எந்த சைட்டிலும் எந்த சூப்பர்வைசரும் செய்யக்கூடிய வேலை இது.

ஊரில் இருக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்போது போனிலிருந்தே பணம் அனுப்பலாம். 2023 பிப்ரவரியில் இங்குள்ள பேநவ்வையும் நம் யுபிஐ-யையும் இணைத்த பிறகு அதற்காக வரிசையில் நிற்க வேண்டிய தேவையும் குறைந்துவிட்டது. ஆகவே பணம் அனுப்பத்தான் அவன் தேக்கா போகிறான் என்று நினைக்காதீர்கள். ‘இன்னைக்கு வேலை இல்லையா, ஏன் போகல?’ என்று ஞாயிற்றுக்கிழமையில் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே ஓய்வுநாளை விற்கும் ஆட்களை எனக்குத் தெரியும். அதற்குப் பதில், ‘நல்லாத் தூங்கினியா, யாரைப் பார்த்தே, என்ன சாப்பிட்டே’ என்று கேளுங்கள். திங்கட்கிழமை காலை 76 கிலோ கம்பிக்குத் தோள்கொடுக்கப் போகிறவனுக்கு, முந்தின நாளின் ஓய்வும் வேலையில் ஒரு பகுதிதான். அதை அவன் குற்ற உணர்ச்சி இல்லாமல் எடுத்துக்கொள்ளும்படி செய்ய உங்களால்தான் முடியும்.